அவனுக்குப் பசிக்கட்டும்

1

இந்தக் கதை அடிபிடித்த கஞ்சியில் பிறந்தது. முதல் பனியைக் கண்டபோது பிறந்தது, மரணத்தைப் பற்றி யோசித்தபோது பிறந்தது என்றெல்லாம் சொல்லி உங்களை மயக்கப் பார்க்கலாம். அதெல்லாம் இல்லை. இன்று காலை ஓட்ஸ் கஞ்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு கதைக்கு முதல் வரி தேடிக்கொண்டிருந்தேன். வரி வரவில்லை. கருகல் வாடை வந்தது.

என் கணவன் டூகல் இரண்டு கரண்டி சாப்பிட்டான். மூன்றாவது கரண்டியைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"ஏட்டி வடிவு, இது கஞ்சியா, ரோட்டுக்குப் போடுத தாரா?"

"பசிச்சா எறங்கும்."

"அப்படி என்னதான் எழுதுதே?"

"மலைக்குத் தனியாப் போற ஒருத்தனைப் பத்தி."

"சரிதான். எத்தனாவது பக்கத்துல சாவுதேன்?"

டூகலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருமுறை என் தங்கை இங்கே வந்திருந்தபோது, என் மூன்று கதைகளில் அவனைப் போலவே உயரமும் மூக்கும் உள்ள ஒருவன் செத்துப்போகிறான் என்று அவனிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் "இருக்கனா, செத்துட்டனா?" என்று கேட்டுக்கொண்டுதான் நுழைவான்.

(இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த ஸ்காட்லாந்து மலையடிவாரத்துக்கு நான் வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. டூகல் என்னை ஏட்டி என்று கூப்பிடுவதில்லை, அவன் சொல்வது வேறு சொல். ஆனால் அதன் பிரியமும் அதிகாரமும் என் காதில் விழும்போது ஏட்டி என்றுதான் விழுகிறது. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே என் காதுக்குள் தூத்துக்குடித் தமிழ்தான் பேசுகிறார்கள். அப்படியே எழுதுகிறேன். அப்புறம், கணவனை அவன் இவன் என்று எழுதுகிறேன் என்று குறைப்படாதீர்கள். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது.)

கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். நான் கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சைப் பைக்குள் போட்டான். பாலாடைக்கட்டி, நடுவில் எலுமிச்சை ஊறுகாய். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து மலைக்குப் போனால் இதுதான். வழக்கம்போல ஒரு துண்டுச் சீட்டில் 'கார்ன் லியா மலை, மேற்கு முதுகு வழியே ஏற்றம், அதே வழி இறக்கம், ஏழு மணி' என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான். ஏழு மணி என்றால் அதற்குள் வந்துவிடுவேன் என்று அர்த்தம் இல்லை. ஏழு மணிவரை யாரையும் கூப்பிட்டுவிடாதே என்று அர்த்தம்.

பிறகு ஃப்ரிட்ஜ் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்த புதுக் கையுறைகளை எடுத்தான். புதுவருஷத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தவை. முப்பது வருஷம் காட்டிலாகாவில் சங்கிலி ரம்பம் பிடித்து அவன் விரல்நுனிகள் மரத்துப்போய்விட்டன. குளிரில் வெளுத்து மெழுகாகிவிடும். வார் மாட்டவோ பட்டன் போடவோ முடியாது. இந்தக் கையுறைகளில் வாரும் இல்லை, பட்டனும் இல்லை. மணிக்கட்டில் ஒரு குமிழ். கிட்டே கொண்டுபோனால் போதும், டக் என்று தானே ஒட்டிக்கொள்ளும்.

"கேட்டியா, இதுல ஊறுகா எண்ணெய் பட்டுதுன்னு வையி, மலையில இருந்து நீயே என்னைத் தள்ளி விட்டுருவே" என்றான்.

"தள்ளத்தான் செய்வேன். என்ன வெலை தெரியுமா?"

"சும்மா குடுத்துட்டு வெலை பேசுதா பாரு."

கதவைச் சாத்திக்கொண்டு போனான். நான் அடிபிடித்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன். போகிற ஆளையே எழுதினால் என்ன என்று தோன்றியது. அவன் அங்கே நடப்பான், நான் இங்கே எழுதுவேன். அவன் திரும்பி வருவதற்குள் கதையும் முடிந்துவிடும்.

2

முதல் தொடக்கம்: பனி பெய்துகொண்டிருந்தது.

(அடித்துவிட்டேன். ஜனவரியில் இங்கே பனி பெய்கிறது என்று எழுதுவதும் கோயிலில் மணி அடித்தது என்று எழுதுவதும் ஒன்று.)

இரண்டாம் தொடக்கம்: மலை அவனைக் கூப்பிட்டது.

(பொய். மலை யாரையும் கூப்பிடாது. வானிலை அறிக்கையில் காற்று மிதமானது என்று போட்டிருந்தார்கள். அதனால் போனான்.)

மூன்றாம் தொடக்கம்: தனியாக நடப்பவனின் மனம் இரண்டு பேர் நடக்கும்போது

இந்த மூன்றாவது ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்பீர்கள். அது இன்று எழுதியது இல்லை, போன மாதத்து வாக்கியம். என் கையெழுத்துப் பிரதிகளைப் புரட்டினால் இப்படிப் பாதியில் நிற்கும் வாக்கியங்கள் நிறைய இருக்கும். ஒவ்வொன்றும் டூகல் வீட்டுக்குள் வந்த இடம். தபால்காரர் வந்தால் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுவேன். போன் அடித்தால் முடித்துவிட்டுத்தான் எடுப்பேன். இவன் வந்தால் மட்டும் கை அப்படியே நின்றுவிடும். திரும்பி வந்து அந்த வாக்கியத்தை முடித்ததே இல்லை, என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோயிருக்கும். இதற்குக் காதல் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். ஈர பூட்ஸோடு நேரே கம்பளத்தில் ஏறிவிடுவான். ஓடிப்போய்த் தடுக்க வேண்டும்.

சரி, காதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3

எந்தத் தொடக்கமும் தேறாததால், தொடக்கம் இல்லாமலே அவனை மலையில் ஏற்றிவிடுகிறேன்.

காட்டு வாசலில் காரை நிறுத்துகிறான். அங்கே நிற்கும் ஊசியிலை மரங்களில் பாதி அவன் வாலிபத்தில் நட்டவை. அவற்றை ஏறிட்டும் பார்க்க மாட்டான். நட்டது கூலிக்கு, பார்ப்பதற்கு எவனும் கூலி தரவில்லை என்பான். மான் வேலியின் ஏணிப்படியில் ஏறி இறங்குகிறான். ஓடை உறைந்து கிடக்கிறது, அடியில் மட்டும் தண்ணீர் முனகுகிறது. காடு முடிந்ததும் மலைமுதுகின்மேல் ஏறும் முதுகுப்பாதை. அங்கே உட்கார்ந்து பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்களை மாட்டுகிறான். பனிக்கோடாரியைக் கையில் எடுக்கிறான். முழங்கால் போவதற்கு முன்னால் நானும் அவனோடு இந்த வழியில் பல தடவை போயிருக்கிறேன். அதனால் இதுவரை நான் எழுதியதில் கற்பனை என்று எதுவும் இல்லை.

அதற்கு மேல் மேகம்.

மேகம் என்றால் நீங்கள் தலைக்கு மேலே இருப்பதை நினைப்பீர்கள். இது உள்ளே இருப்பது. காலடியில் வெள்ளைப் பனி, சுற்றிலும் வெள்ளை மேகம், இரண்டுக்கும் நடுவில் கோடு இல்லை. முன்னால் இருப்பது மேடா பள்ளமா என்று பாதம் பட்டபிறகுதான் தெரியும். ஒருமுறை அதற்குள் நின்றுகொண்டிருந்தேன். காற்றில் பனித்தூள் என்னைக் கடந்து போனது. நான்தான் பின்னால் நகர்கிறேன் என்று நினைத்து, விழாமல் இருக்க முன்னால் சாய்ந்து, சும்மா நின்ற இடத்தில் குப்புற விழுந்தேன். டூகல் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் பதுங்கியிருந்த பனிக்கோழி ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. அது அங்கே இருந்ததே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

இந்த மாதிரி வெள்ளையில் அவன் நடக்கும் முறை ஒன்று உண்டு. குனிந்து ஒரு கை பனியை அள்ளி உருட்டி முன்னால் வீசுவான். விழுந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு குழி தெரிந்தால், அங்கே தரை இருக்கிறது. அந்தக் குழிவரை நடப்பான். அங்கிருந்து அடுத்த உருண்டை. வீசிய உருண்டை காணாமல் போனால் அதற்கப்பால் தரை இல்லை, நிற்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கிழவன் ஒருவன் யாருமில்லாத இடத்தில் யாரோடோ பந்து விளையாடுகிற மாதிரி இருக்கும்.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். இவ்வளவு நேரம் நடக்கிறானே, என்ன நினைத்துக்கொண்டு நடக்கிறான்? கதை என்றால் ஆளுக்கு உள்ளே ஏதாவது ஓட வேண்டும். ஒருமுறை அவனிடமே கேட்டேன்.

"அங்கன தனியாப் போகும்போது என்னத்தை நெனைப்பே?"

"ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"ஒண்ணுமேவா? ஆறு மணி நேரம்?"

ரொம்ப நேரம் யோசித்தான். "சில நேரம் சாண்ட்விச்சை நெனைப்பேன்" என்றான்.

இவனை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது? ஒரு வரைவில் அவனுக்குச் சின்ன வயதில் பனியில் தொலைந்துபோன தம்பி ஒருவனைக் கொடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது, எனக்கே கண் கலங்கியது. ஆனால் டூகலுக்குத் தம்பி கிடையாது. ஒரு அக்கா இருக்கிறாள், இன்வர்நெஸ்ஸில் பூக்கடை வைத்திருக்கிறாள், கொழுகொழுவென்று நன்றாக இருக்கிறாள். தம்பியை எடுத்துவிட்டேன். சாண்ட்விச்சையே நினைக்கட்டும்.

4

உச்சி.

மேசைபோலத் தட்டையான உச்சி. நடுவில் ஒரு கற்குவியல், அதன் ஒரு பக்கம் முழுக்கக் காற்று ஒட்டவைத்த பனி. கார்ன் லியாவின் உச்சியிலிருந்து இறங்க மூன்று பக்கம் உண்டு. மேற்கே அவன் ஏறிவந்த முதுகு, காட்டுக்கும் காருக்கும் போவது. தெற்கே ஆளில்லாத நீண்ட பள்ளத்தாக்கு. கிழக்கே செங்குத்துப் பாறை. அந்தப் பாறையின் விளிம்பில் குளிர்காலம் முழுக்கக் காற்று பனியைக் கொண்டுவந்து சேர்த்து, கூரையின் இறவாணம் மாதிரி வெளியே நீட்டி வைத்திருக்கும். மேலே நிற்பவனுக்கு அது தரை மாதிரியே இருக்கும். பனி உருண்டை வீசினால் அதன்மேல் விழுந்து, இங்கே தரை இருக்கிறது என்றுதான் சொல்லும்.

அதனால்தான் திசைகாட்டி. இந்த ஊரில் மலைக்குப் போகும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கும் முதல் விதி: மேகத்துக்குள் உன்னை நம்பாதே, ஊசியை நம்பு. கால் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும், வயிறு ஒன்று சொல்லும். எல்லாம் பொய். ஊசிக்கு மட்டும்தான் வடக்கு தெரியும்.

எழுதுகிறேன்:

கற்குவியலுக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறான். கழுத்துக் கயிற்றில் தொங்கும் திசைகாட்டியை எடுத்து இடது உள்ளங்கையில் வைக்கிறான். முன்பெல்லாம் இதற்குக் கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கும், விரல்கள் வெளுத்துவிடும். இப்போது கழற்ற வேண்டாம். அவள் வாங்கிக் கொடுத்தது இதமாக இருக்கிறது. மணிக்கட்டின் குமிழ் மட்டும் திறந்து கிடக்கிறது. கிட்டே கொண்டுபோகிறான். டக் என்று

நான் தலையைத் தூக்கி ஃப்ரிட்ஜைப் பார்த்தேன்.

அந்தக் கையுறைகள் ஏன் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிக்கொண்டிருந்தன? ஆணி இல்லை, கொக்கி இல்லை. புதுவருஷத்தன்று பெட்டியைப் பிரித்ததும் டூகல்தான் அதைக் கண்டுபிடித்தான். குமிழைக் கதவில் வைத்தான், ஒட்டிக்கொண்டது. "பாத்தியாட்டி, காயப் போடக் கொடி வேண்டாம்" என்றான். இருவரும் சிரித்தோம். ஒரு வாரமாக அங்கேதான் தொங்கின. ஒரு வாரமாக நானும் அவனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

காந்தம்.

இழுப்பறையில் என்னுடைய பழைய திசைகாட்டி கிடந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். ஊசி ஆடி நின்றது. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தைப் பிடுங்கி, உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் கொண்டுபோனேன். ஊசி கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி திரும்பியது.

வெளியே எப்போதோ இருட்டிவிட்டிருந்தது. எழுதிக்கொண்டிருந்ததில் மேசை விளக்கைத் தவிர வேறு விளக்குக்கூடப் போடவில்லை. சீட்டில் ஏழு மணி என்று இருக்கிறது. கடிகாரத்தில் ஐந்துகூட ஆகவில்லை.

5

நேரத்துக்கு முன்னால் கூப்பிடுவது இங்கே சின்ன விஷயம் இல்லை. ஆற்றங்கரை வீட்டு ஈஸ்பெல் ஒருமுறை அரைமணி முன்னால் கூப்பிட்டுவிட்டாள். மீட்புக்குழு மொத்தமும் பனிச்சறுக்குக் கட்டையோடு கிளம்பியபோது அவள் புருஷன் மதுக்கடையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். அவன் மலைக்குப் போவதையே விட்டுவிட்டான். இன்னமும் அவனுக்கு எந்தக் கடையிலும் சூப் வேண்டுமா என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். முன்னால் கூப்பிட்டால், உன்னால் தனியாக நடக்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஊரறியச் சொன்னதாக அர்த்தம். டூகல் எதையும் தாங்குவான். அதைத் தாங்க மாட்டான்.

கூப்பிட்டேன்.

மார்சலிதான் மீட்புக்குழுவுக்குத் தலைவி. மற்ற நேரத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதும் அவள்தான், அப்பன்மார்களை மலையிலிருந்து கொண்டுவருவதும் அவள்தான்.

"என்னக்கா, சூப்பு ஆறிப்போச்சா?" என்று எடுத்ததுமே சிரித்தாள்.

சொன்னேன். கையுறை, குமிழ், ஃப்ரிட்ஜ், ஊசி. சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு நின்றது. அவள் கேலி செய்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

"காம்பஸை எந்தக் கையில பிடிப்பாவ?"

"எடது."

"கழுத்துக் கயித்துலயா?"

"ஆமா."

அவள் மேசையில் வரைபடத்தை விரிக்கும் சத்தம் கேட்டது.

"எக்கா, காத்து மேக்க இருந்து அடிக்கு. மேக்க எறங்கினா மூஞ்சில அடிக்கணும். வலது கன்னத்துல அடிச்சா தெக்க போறாவன்னு அர்த்தம். அது பரவாயில்ல, நீள நடைதான், கீழ ஒரு குடிசை கெடக்கு."

"முதுகுல அடிச்சா?"

"முதுகுல அடிச்சா அந்த மனுசனுக்குத் தெரியாமலா போகும்?"

"ஊசியைத்தான் நம்பணும்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானே."

மார்சலி ஆட்களைப் பிரிக்கத் தொடங்கினாள். நாலு பேரை மேற்கு முதுகில் ஏற்றுகிறேன், இரண்டு பேரை வண்டியில் தெற்குப் பள்ளத்தாக்குக்குச் சுற்றி அனுப்புகிறேன் என்றாள். கிழக்கே யாரை அனுப்புகிறாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"எக்கா, அந்த ஆளு உருண்டை வீசி நடக்கிறவரு. வீசாதவங்களைத்தான் நாங்க தூக்கிட்டு வாறது. வெளக்கைப் போட்டு வையிங்க."

விளக்கைப் போட்டேன். வீட்டில் உள்ள எல்லா விளக்கையும்.

6

மீபுனைவு, அதாவது கதை எழுதுவதைப் பற்றியே கதை, எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு கதைக்கு மூன்று முடிவு எழுதி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசகர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடலாம். நானும் செய்திருக்கிறேன். கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டுக்கூடக் கிடைத்தது. இன்றைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. உட்கார்ந்து மூன்று முடிவு எழுதுகிறவளுக்கு, மூன்றில் எதிலும் வேண்டப்பட்டவர்கள் யாரும் இல்லை என்றுதானே பொருள்?

ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கை சும்மா இருந்தால் போனைத் தேடிப் போகிறது.

முதல் முடிவு. காற்று முதுகில் அடிக்கிறது. அவன் ஊசியைப் பார்க்கிறான், ஒரு உருண்டை வீசுகிறான், குழி தெரிகிறது, இன்னொரு

(இதை எழுத மாட்டேன். மூன்று கதைகளில் அவனைச் சாகடித்தவள் நான்தான். அப்போது எவ்வளவு சுலபமாக இருந்தது. காபி குடித்துக்கொண்டே சாகடித்தேன்.)

இரண்டாம் முடிவு. காற்று வலது கன்னத்தில் அடிக்கிறது. அவனுக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. ஆனால் ஊசி சொல்கிறது, போகிறான். தெற்குப் பள்ளத்தாக்கில் இறங்கி, இருட்டில் குடிசையைக் கண்டுபிடித்து, அங்கே முன்னால் வந்த யாரோ விட்டுப்போன விறகைப் பற்றவைக்கிறான். மரத்த விரல்களால் தீக்குச்சி உரசுவது அவனுக்குக் கஷ்டம். ஆனால் அவன் பிடிவாதக்காரன். மார்சலியின் ஆட்கள் வெளிச்சம் அடித்துக்கொண்டு வரும்போது, "ஈஸ்பெல் புருஷனை எங்க, அவனுக்குச் சூப்பு வேண்டாமா?" என்கிறான்.

போன் அடிக்கிறது. இந்த வாக்கியத்தை முடித்துவிட்டு எடுக்கிறேன், முடிக்காமல் எடுக்கப் பயமாக இருக்கிறது.

மார்சலிதான். காட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "கார் இங்கனதான் நிக்கிக்கா. மேல பனி மூடிக் கெடக்கு. ஏறுதோம்" என்றாள். அவ்வளவுதான்.

மூன்றாம் முடிவுக்கு முன்னால் இரண்டாவது விதியைச் சொல்ல வேண்டும். மறந்துவிட்டேன்; அதாவது, இந்த நிமிஷம்வரை அதுதான் முக்கியம் என்று எனக்குத் தெரியாது. முதல் விதி, ஊசியை நம்பு. இரண்டாவது விதி: வழி தப்பிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், ஒரு அடிகூட எடுத்து வைக்காதே. காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார். எதையாவது சாப்பிடு. சாப்பிட்டு முடித்த பிறகு வரைபடத்தைப் புதிதாகப் பார். பசித்தவன் வரைபடத்தில் தனக்கு வேண்டியதைத்தான் பார்ப்பான் என்பார்கள் இங்கே. இரண்டு விதியையும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டும் முட்டிக்கொண்டால் எது முதலில் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாம் முடிவு, அப்படியானால், இது. காற்று தப்பான கன்னத்தில் அடிக்கிறது. டூகல் நிற்கிறான். ஊசி போ என்கிறது. வயிறு உட்கார் என்கிறது. உட்காருகிறான். பையைத் திறந்து சாண்ட்விச்சை எடுக்கிறான். எலுமிச்சை ஊறுகாய். எண்ணெய் பட்டால் வடிவு கொன்றுவிடுவாள் என்று, கையுறைகள் இரண்டையும் கழற்றி, ஒன்றையொன்று டக் என்று ஒட்டவைத்துப் பைக்குள் போடுகிறான். திசைகாட்டி நெஞ்சில் தொங்குகிறது. ஒரு கடி கடித்துவிட்டுக் குனிந்து பார்க்கிறான். ஊசி வேறு பக்கம் காட்டுகிறது. மென்றுகொண்டே பார்க்கிறான். கையுறையை எடுத்து அருகில் கொண்டுபோகிறான், ஊசி ஓடி வருகிறது. தள்ளிக் கொண்டுபோகிறான், ஊசி திரும்பிப் போகிறது. அப்புறம் யாருமில்லாத அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்து சத்தமாகச் சொல்கிறான்: "அடிப்பாவி."

இதைத்தான் நான் கேட்க வேண்டும். திட்டுவதற்காவது அவன் வர வேண்டும். காந்தத்தைக் கையில் கட்டி மலைக்கு அனுப்பிய புத்திசாலி என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கட்டும், நான் செத்தபிறகும் சொல்லட்டும். ஈஸ்பெல் புருஷனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வாசகரே, நான் உங்களிடம் முடிவைக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய பொறுப்பை முன்பின் தெரியாதவர்கள் தலையில் வைக்க மாட்டேன். ஒரே ஒரு உதவி. அந்தக் கற்குவியலிலிருந்து அவன் கிளம்பி நடக்கிற இடத்தில், சந்தேகமும் விதியும் முட்டிக்கொள்கிற அந்த நிமிஷத்தில், அவனுக்குப் பசிக்கட்டும். நன்றாகப் பசிக்கட்டும். அதற்கு நீங்கள் பெரிதாக மெனக்கெட வேண்டாம், பாதி வேலையை நான் காலையிலேயே செய்துவிட்டேன். இரண்டு கரண்டி கஞ்சியோடு போனவன். அடிபிடித்த கஞ்சிக்காக என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்படுகிறேன்.

7

அடுப்பில் புதிதாகக் கஞ்சி வைத்திருக்கிறேன். ராத்திரிக்குக் கஞ்சி குடிக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. இருந்தாலும் வைத்தேன். ஒரு வரி எழுதுகிறேன், எழுந்துபோய்க் கிண்டுகிறேன், திரும்பி வந்து ஒரு வரி எழுதுகிறேன். அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிண்டிவிட்டு வந்தேன். ஏழு மணி ஆகிவிட்டது. சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. இனிமேல் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

மறுபடி கிண்டிவிட்டு வந்தேன். டூகலை நான் நல்ல பாத்திரமாக எழுதவில்லை என்று தோன்றுகிறது. உள்ளே எதுவும் ஓடாத ஆள் என்றேன். ஆறு மணி நேரம் தனியாக நடந்து சாண்ட்விச்சை நினைக்கிறான் என்று கேலி செய்தேன். அந்தச் சாண்ட்விச்சைக் கட்டியது யார்? இருபத்தாறு வருஷமாக அவன் மலையில் நினைத்துக்கொண்டு நடந்தது எதை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. இதை அவனிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். ஊறுகாயைத்தான் நினைத்தேன் என்பான். எனக்கு அவன்மேல் எவ்வளவு ஆசை என்று அவனுக்குத் தெரியும் என்று நினைத்து இவ்வளவு நாள் சொல்லாமலே இருந்துவிட்டேன். தெரியும்தான். இருந்தாலும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் இதை அச்சில் படிக்கும்போது எப்படியோ எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். கதை முடிவதும் எழுதுகிறவள் நிறுத்துவதும் வேறு வேறு. என் கை எப்போது பாதியில் நிற்கும் என்று உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

கஞ்சி பதமாக இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டேன்.

தெருவில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. யாருடைய வண்டி என்று இந்த ஜன்னலிலிருந்து தெரியாது. கதவு ஒன்று திறக்கிறது, இன்னொன்று திறக்கிறது. இப்போது வாசற்படியில் யாரோ பூட்ஸை உதைத்துப் பனியை உதிர்க்கிறார்கள். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான் அது. மார்சலியும் அப்படித்தான் உதைப்பாள், போலீஸ்காரர்களும் உதைப்பார்கள். அதனால் அந்தச் சத்தத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்யப் போவதில்லை, வாசகரே, நீங்களும் அவசரப்பட்டு